புதுப்பிப்பு: ஓட்ஸ் உப்புமா இப்போது உதிரியாக வருகிறது

சீக்கிரம் வேகும் ஓட்ஸில் உப்புமா செய்தால் களியாகிவிடுகிறது, என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். வறுக்கச் சொன்னார்கள் சிலர், தண்ணீரைக் குறைக்கச் சொன்னார்கள் சிலர். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் சரிவருகிறது.

இந்த வகை ஓட்ஸை ஆலையிலேயே ஆவியில் வேகவைத்து, நறுக்கி, மெல்லிசாகத் தட்டிவிடுகிறார்கள். தண்ணீர் பட்டதுமே அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்கிற நார்ச்சத்து கரைந்து வழவழப்பாகிவிடும். ரவைக்கு ஊற்றுகிற கணக்கு இதற்கு ஆகவே ஆகாது.

ஒரு கப் ஓட்ஸை வெறும் வாணலியில், சிறு தீயில், ஓரம் லேசாகச் சிவந்து வாசம் வரும்வரை வறுக்கிறேன். தாளித்து, வெங்காயமும் கேரட்டும் வெந்த பிறகு முக்கால் கப் தண்ணீர் மட்டும். கொதித்ததும் ஓட்ஸைப் போட்டு ஒரு கிளறு கிளறி, மூடி, அடுப்பை அணைத்துவிட வேண்டும். கிண்டிக்கொண்டே இருந்தால் மறுபடி களிதான். அப்புறம், சூடாகவே சாப்பிட்டுவிடுங்கள். டிபன் பாக்ஸுக்கு இது லாயக்கில்லை, யார் என்ன சொன்னாலும்.

குக்கீஸுக்கு ஆகுமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக. பெரிய அவல் போலிருக்கும் ஓட்ஸில் வருகிற மெல்லும் பதம் இதில் குறையும், அவ்வளவுதான். பிசைந்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் தட்டில் அதிகம் பரவாது. அவனில் 175 டிகிரி செல்சியஸில் சுமார் 12 நிமிடம். நடுவில் மெத்தென்று இருக்கும்போதே வெளியே எடுங்கள், ஆறும்போது இறுகிவிடும்.

மசாலா கலந்த ஓட்ஸ் பாக்கெட் மட்டும் எதற்கும் வேண்டாம். அதில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது.