ஏழு இடம், இரண்டு நாள்: இலக்கியச் சுற்றுலா என்றால் இதுதானா?

ஈரமண் (திரியைத் தொடங்கியவர்):

போன மாதம் இங்கிலாந்தில் ஏரி மாவட்டத்துக்கும் யார்க்‌ஷயரில் இருக்கும், எழுத்தாளர்களான பிராண்ட்டே சகோதரிகள் சார்லட், எமிலி, ஆன் வாழ்ந்த ஹாவொர்த்துக்கும் குழுச் சுற்றுலா போய் வந்தேன். இரண்டு நாள், ஏழு இடம், நாற்பத்திரண்டு பேர், ஒரு கோச் பஸ். கூட்டிப் போன நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தனிப்பட்ட ஒரு நிறுவனத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மாதிரிப் பயணத்தின் திட்டமே தப்பு என்பதுதான் என் கட்சி.

முதல் நாள் காலை காக்கர்மவுத். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் 1770-இல் பிறந்த வீடு. இருபது நிமிடம். தோட்டத்துக்குப் பின்னால் டெர்வென்ட் ஆறு ஓடுகிறது. சின்ன வயதில் அவர் கேட்டு வளர்ந்த ஆறு. சத்தம் மட்டும் காதில் விழுந்தது, கிட்டே போக விடவில்லை.

அப்புறம் கிராஸ்மியர், டவ் காட்டேஜ். 1799 டிசம்பரிலிருந்து 1808 வரை அவரும் தங்கை டோரதியும் வாழ்ந்த வீடு. மாடியில் ஒரு குட்டி அறை. குளிர் தாங்காமல் டோரதி அதன் சுவர் முழுக்கச் செய்தித்தாள் ஒட்டினார். இன்றும் அந்தச் சுவரில் செய்தித்தாள்கள்தான் இருக்கின்றன. ஒரு விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நாலு வரி முடிவதற்குள் கீழேயிருந்து குரல்: "அடுத்த குழு காத்திருக்கிறது, இறங்குங்கள்."

ரைடல் மவுண்ட்டில் அவர் பின்னாளில் வாழ்ந்த வீட்டைச் சுற்றி ஓர் ஓட்டம். கிராஸ்மியர் தேவாலயத் தோட்டத்தில் அவர் கல்லறை, பத்து நிமிடம். குழந்தைகள் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டரின் ஹில் டாப் வீட்டுக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும். நாங்கள் தாமதமாகப் போனதால் எங்கள் நேரம் தாண்டிவிட்டது, தோட்டத்தோடு சரி. மறுநாள் ஹாவொர்த்தில் பிராண்ட்டே சகோதரிகளின் வீட்டுக்கு ஐம்பது நிமிடம். ஏழாவது இடமான டாப் விதென்ஸ் என்ற பாழடைந்த பண்ணை வீட்டைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே, "அந்த மேட்டுக்கு அப்பால்" என்று கை காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் பாதியில் யாருடைய முதுகோ இருக்கிறது. இதற்குப் போகாமலே இருந்திருக்கலாம்.

ஜன்னலோரம்:

கடைசி வரியை மட்டும் நான் ஏற்க மாட்டேன், ஈரமண்.

என் அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. ஆங்கில இலக்கியத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது கல்யாணம் ஆகிப் படிப்பு நின்றது. போன வருடம் இதே மாதிரி ஒரு பஸ்ஸில்தான் ஹாவொர்த்துக்குப் போனார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அம்மாவால் மூன்று தடவை ரயிலும் பஸ்ஸும் மாறி ஏறி இறங்க முடியாது. வாசலில் இறக்கி, அங்கேயே ஏற்றிக்கொள்கிற வண்டி இல்லாவிட்டால் அவர் வாழ்நாளில் அந்த வீட்டைப் பார்த்திருக்க முடியாது. அவருக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

மெதுவாகப் பார்ப்பதுதான் சரி என்பவர்களுக்கு நேரமும் காலில் பலமும் இருக்கிறது. இல்லாதவர்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

நெட்டிலிங்கம்:

இந்தச் சண்டை வேர்ட்ஸ்வொர்த் காலத்திலேயே நடந்துவிட்டது. கெண்டல், விண்டர்மியர் வரைக்கும் ரயில் பாதை போடப் போகிறார்கள் என்றதும் 1844-இல் அவரே எதிர்த்துக் கவிதை எழுதினார், பத்திரிகைக்குக் கடிதங்கள் எழுதினார். இயற்கையை ரசிக்கும் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் வந்துவிடாது என்பது அவர் வாதம். 1847-இல் ரயில் வந்தே விட்டது. நூற்றெழுபது வருடத்துக்கும் மேல் கழித்து நாம் அவர் வீட்டு மாடியில் வரிசையில் நின்று அவர் சொன்னது சரி என்று நிரூபிக்கிறோம். நான் ஈரமண் பக்கம்.

ஜன்னலோரம்:

நெட்டிலிங்கம் ஐயா, கதையின் மீதிப் பாதியையும் சொல்லுங்கள். அதே வேர்ட்ஸ்வொர்த் ஏரிப் பகுதிக்கு வழிகாட்டி நூல் எழுதியவர். முதலில் 1810-இல் ஒரு படத் தொகுப்புக்கு முன்னுரையாகப் பெயர் போடாமல் வந்தது. திருத்தித் திருத்தி 1835-இல் ஐந்தாம் பதிப்பு வரை போனது. வாருங்கள், இங்கிருந்து பாருங்கள், இந்த வழியாக நடங்கள் என்று அழைத்தவரே அவர்தான்.

ரயிலில் வரக்கூடாது என்று அவர் சொன்னது யாரை? ஆலைகளில் வேலை பார்த்த தொழிலாளர்களை. அவர்களுக்கு ஒரு நாள் விடுமுறை கிடைத்தாலே பெரிது. அவர் கவிதையை நேசிக்கிறேன், ஆனால் அந்த வாதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. அதை இன்றைக்கு எடுத்துக்கொண்டு வந்து என் அம்மா மேல் வைக்காதீர்கள்.

நெட்டிலிங்கம்:

உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை. அப்படி ஒலித்திருந்தால் மன்னியுங்கள். தொழிலாளர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை மேம்போக்காகத் தாண்டிவிட்டேன். அவசரத்தைப் பற்றிச் சொன்னதில் மட்டும் மாற்றமில்லை.

பாதைக்காரன்:

பதினோரு வருடமாகக் கோச் சுற்றுலாக்களில் வழிகாட்டியாக இருக்கிறேன். எங்கள் பக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன்.

முதலில் ஓட்டுநர். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 வரை போகலாம். ராத்திரி முழு ஓய்வு வேறு. எல்லாம் வண்டியில் இருக்கும் கருவியில் பதிவாகும். நீங்கள் டவ் காட்டேஜில் பத்து நிமிடம் கூடுதலாக நின்றால் அது சாயங்காலம் ஓட்டுநரின் நேரத்தைத் தின்னும்.

இரண்டாவது, வீடுகள். இவை அருங்காட்சியகமாகக் கட்டியவை அல்ல. டவ் காட்டேஜ் அவர்கள் குடிவருவதற்கு முன் ஒரு விடுதி. கீழ்த்தளம் இருட்டு, மரப்பலகைச் சுவர், ஓர் அறையில் பத்துப் பேர் நின்றால் மூச்சு முட்டும். நாற்பத்திரண்டு பேரை மூன்று நாலு குழுவாகப் பிரித்துத்தான் உள்ளே விட முடியும். நாற்பத்தைந்து நிமிட நிறுத்தத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வளவு கிடைக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களை இறங்கச் சொன்ன அந்தக் குரல் போலத்தான் நானும் நூறு தடவை கத்தியிருக்கிறேன். பிடித்துக் கத்தியதில்லை.

ஈரமண்:

பாதைக்காரன் அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. ஓய்வு நேரக் கணக்கு எனக்குத் தெரியாது. அந்த வழிகாட்டியின் மேல் வைத்திருந்த கோபத்தை எடுத்துவிட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன காரணங்களே என் கேள்வியைக் கூர்மையாக்குகின்றன. ஓட்டும் நேரத்துக்கு எல்லை உண்டு, வீடு சின்னது, ஆள் அதிகம். இது மூன்றும் திட்டம் போடும்போதே தெரியும். தெரிந்துகொண்டே ஏழு இடம் ஏன்? விளம்பரத்தில் ஏழு பெயர் இருந்தால் மூன்று பெயரை விட அழகாகத் தெரியும். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

ஜன்னலோரம், உங்கள் அம்மாவுக்கு பஸ் வேண்டும். சரி. ஏழு இடம் வேண்டும் என்று அவர் கேட்டாரா?

கருப்புமை:

நான் இரண்டு கட்சியும் இல்லை. எழுத்தாளர் வீட்டுக்கு எதற்குப் போக வேண்டும்? ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு கட்டில். எழுத்து புத்தகத்தில் இருக்கிறது.

டாப் விதென்ஸை பஸ்ஸிலிருந்து காட்டினார்கள் என்று வருத்தப்படுகிறீர்கள். ஹாவொர்த்திலிருந்து மூன்று மைலுக்கு மேல் நடந்தால் அங்கே இருப்பது கூரை இல்லாத ஒரு பண்ணை வீடு. சுவரில் 1964-இல் பிராண்ட்டே சங்கம் பதித்த பலகை இருக்கிறது. எமிலியின் வுதரிங் ஹைட்ஸ் நாவலோடு இந்த வீட்டைச் சேர்த்துப் பேசுகிறார்கள், ஆனால் முழுசாக இருந்த காலத்திலும் அவர் வர்ணித்த வீட்டுக்கும் இதற்கும் ஒற்றுமை கிடையாது, இடத்தின் சூழல் மட்டும் அவர் மனதில் இருந்திருக்கலாம் என்று அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இதைப் படிக்கவா மூன்று மைல்?

நினைவுப்பொருள் ஆசைக்கும் வயது அதிகம். சார்லட் 1855-இல் இறந்தார். எலிசபெத் காஸ்கெல் எழுதிய வாழ்க்கை வரலாறு 1857-இல் வந்ததும் ஹாவொர்த்துக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மகளின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அப்பா பாட்ரிக் அவள் கடிதங்களையே துண்டு துண்டாக வெட்டிக் கொடுத்தார். அந்தக் கடிதங்களை இன்று முழுசாகப் படிக்க முடியுமா? வாசகரின் ஆசை எழுத்தையே அழித்த கதை அது.

ஈரமண்:

கருப்புமை, கடிதங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனசு கனத்தது. ஆனாலும் போகத் தேவையில்லை என்பதற்கு நான் உடன்பட மாட்டேன். ஹாவொர்த்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஒரு நிமிடத்தைச் சொல்கிறேன்.

அந்த வீட்டின் முன்னறை ஜன்னலிலிருந்து பார்த்தால் நேரே கல்லறைகள். மயானம் வீட்டு வாசலோடு ஒட்டிக் கிடக்கிறது. சாய்ந்தும் படுத்தும் கற்கள், கல்லுக்குக் கல் இடைவெளியே இல்லை. அது ஒரு சரிவு. மேலே மயானம், கீழே ஊர். 1850-இல் பெஞ்சமின் பாபேஜ் என்ற அரசு ஆய்வாளர் ஊரின் தண்ணீரையும் சாக்கடையையும் சோதித்து அறிக்கை கொடுத்தார். அங்கே இறந்தவர்களின் சராசரி வயது 26-க்கும் கீழே. ஆறு வயதுக்குள் போன குழந்தைகள் நூற்றுக்கு 40-க்கு மேல். இந்த எண்களை முன்பே படித்திருக்கிறேன். பரீட்சைக்குப் படித்தது போல மறந்தும் போனேன். அந்த ஜன்னலருகே நின்றபோதுதான் புரிந்தது: அந்தப் பெண்கள் தினமும் காலையில் திரையை விலக்கினால் கண்ணில் பட்டது இதுதான்.

அதே வீட்டில் சாப்பாட்டு அறை. அவர்கள் எழுதிய மேசை 2015-இல் திரும்ப வந்து அங்கே இருக்கிறது. ராத்திரி வேலை முடிந்ததும் மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி தங்கள் கதைகளைப் பேசுவார்கள். 1848 டிசம்பரில் எமிலி போனார், 1849 மே மாதம் ஆன். அதற்கப்புறம் சார்லட் தனியாக நடந்தார். அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்கும்போது நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டு வேலைக்காரப் பெண் சொன்னதை காஸ்கெல் பதிவு செய்திருக்கிறார்.

கயிறு கட்டியிருந்த வாசலில் நின்று மேசைக்கும் சுவருக்கும் நடுவே எத்தனை அடி இடம் என்று கண்ணால் அளந்தேன். மிகக் குறைவு. அந்த இடுக்கில் ஒருத்தி தனியாக எத்தனை சுற்று நடந்திருப்பாள் என்று நினைக்கிறேன், பின்னால் இருந்தவர் "கொஞ்சம் நகருங்க" என்றார். பாவம், அவருக்கும் அதே ஐம்பது நிமிடம்தான். நான் நகர்ந்தேன்.

மேசையைப் புத்தகத்தில் படிக்கலாம். அந்த இடுக்கைப் படிக்க முடியாது. அதனால்தான் போக வேண்டும் என்கிறேன், போனால் நிற்க விட வேண்டும் என்கிறேன்.

கருப்புமை:

இந்த மேசை விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. டாப் விதென்ஸ் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

நெட்டிலிங்கம்:

ஒரு சின்னத் தகவல், அவசரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு. வேர்ட்ஸ்வொர்த்தின் புகழ்பெற்ற கவிதையில் வரும் டாஃபடில் பூக்களைப் பற்றி உங்கள் பயணத்தில் என்ன சொன்னார்கள், ஈரமண்?

ஈரமண்:

கிராஸ்மியர் ஏரியைக் காட்டி, "இந்தக் கரையில்தான் கவிஞர் தனியாக அலைந்தபோது பார்த்தார்" என்றார்கள்.

நெட்டிலிங்கம்:

பார்த்தது அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில், 1802 ஏப்ரல் 15. தனியாகவும் இல்லை, டோரதி கூடவே நடந்தார். அன்றைய நாட்குறிப்பில் அந்தப் பூக்களை, கல்லைத் தலையணையாக்கிச் சாய்ந்திருப்பதைக் கூட, அவர்தான் முதலில் எழுதினார். கவிதை அச்சில் வந்தது 1807-இல். கிராஸ்மியரில் நின்றுகொண்டே இந்த உண்மையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்லியிருந்தால் கல்லறைத் தோட்டத்தில் டோரதியின் கல்லைத் தேடிப் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

ஈரமண்:

அந்தக் கல்லைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன் போலிருக்கிறது. என் படத்தில் ஓரத்தில் தெரிகிறது. இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

பாதைக்காரன்:

அந்தக் கதையை நானும் ஏரிக்கரையில் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். இனி மாற்றிச் சொல்வேன்.

ஏழு ஏன் என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. மூன்று இடத்தோடு ஒரு பயணம் போடலாம் என்று நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன், விற்காது என்று சொல்லிவிட்டார்கள். பதிவு செய்வதற்கு முன் எல்லோரும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒவ்வொரு இடத்திலும் உள்ளே நுழைந்த பிறகு எனக்கு எத்தனை நிமிடம்?" வண்டி நிற்கும் நேரத்தைச் சொல்வார்கள், அதை ஏற்காதீர்கள். உள்ளே எத்தனை என்று திரும்பக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அலுவலகத்தில் யோசிப்பார்கள்.

ஜன்னலோரம்:

ஈரமண், ஏழு இடம் வேண்டும் என்று அம்மா கேட்டாரா என்று கேட்டீர்கள். நேற்று ராத்திரி அவரிடமே கேட்டேன். போன வருடப் பயணத்தில் என்னென்ன பார்த்தீர்கள் அம்மா என்றேன். ஹாவொர்த்தைச் சொன்னார். மற்றது எதுவும் ஞாபகம் வரவில்லை, "வண்டியில் ஏறி இறங்கினோம்" என்றார்.

நீங்கள் எழுதிய மேசைப் பகுதியை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அந்த அறைக்குள் எட்டிப் பார்த்தேன், மேசையைப் பார்த்த ஞாபகம் இல்லையே" என்றார்.

பஸ்ஸை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அடுத்த வசந்தத்தில் ஹாவொர்த் மட்டும் போகலாம் என்று இருக்கிறோம். அந்த ஊரின் கல் பாவிய ஏற்றத் தெருவில் அம்மாவால் ஏற முடியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே வண்டி இறக்கிவிட வழி இருக்கிறதா, பாதைக்காரன் அண்ணா?

பாதைக்காரன்:

இருக்கிறது, தங்கச்சி. அருங்காட்சியகம் தெருவின் உச்சியில்தான், கார் நிறுத்தும் இடமும் அதற்குப் பக்கத்தில் உண்டு. வாடகைக் காரில் மேல் வழியாக வாருங்கள், தெருவை ஏறவே வேண்டாம். திறந்தவுடனே போய்விடுங்கள், கோச் வண்டிகள் வர ஆரம்பிப்பதற்கு முன்னால். மாடிக்குப் படிகள் உண்டு. ஆனால் சாப்பாட்டு அறை கீழ்த்தளம், நுழைந்ததும் இடது கைப் பக்கம்.