புதுப்பிப்பு: தோட்ட டிராக்டருக்குச் சின்ன டயர் ஏற்றியாயிற்று

பத்தரமுல்லையில் பெரியப்பா வீட்டில் இருக்கும் புல்வெட்டும் டிராக்டருக்கு முன் டயர் இரண்டையும் வீட்டிலேயே மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். மாற்றிவிட்டோம். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

டயர் 15×6.00-6, அதாவது 6 அங்குல ரிம். பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு, துருவோடு ஒட்டிப்போயிருந்தது. சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்கவைத்து, டயரின் ஓரத்தில், அதாவது ரிம்மோடு பொருந்தும் விளிம்பில், பலகைத் துண்டும் அதன்மேல் ஜாக்கும் வைத்து அழுத்தினோம். விட்டுக்கொடுத்தது.

புது டயரை ஒரு மணிநேரம் வெயிலில் போட்டோம். கொழும்பு வெயிலுக்கு ரப்பர் நன்றாக இளகியது. சவர்க்காரத் தண்ணீர் பூசி, ஓரத்தின் ஒரு பக்கத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கிப் பிடித்தால் மறுபக்கம் எளிதாக ஏறுகிறது. இதைத் தெரியாமல்தான் முதல் நாள் முழுக்க லீவரோடு மல்லுக்கட்டினேன்.

அப்புறம் காற்று. எவ்வளவு அடித்தாலும் பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. டயரைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்கி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு கம்ப்ரசரில் அடித்ததும் 'டக் டக்' என்று இரண்டு ஓரமும் உட்கார்ந்தன. ஓரம் பொருந்தத் தொடங்கியதுமே பட்டியைத் தளர்த்திவிட வேண்டும். டயரில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டவே கூடாது. டயரை ரிம்மில் உட்காரவைக்கப் பெற்றோல் ஊற்றிக் கொளுத்தும் வித்தையைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், வெடித்தால் முகம் போய்விடும்.

இடது ரிம்மில் மட்டும் மெல்லிய கசிவு இருந்தது. துருவை அரத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி ஏற்றினோம். மூன்று நாளாகக் காற்று அப்படியே நிற்கிறது.