ஐசன்ஹோவர் கோப்பையில் மூன்றாவது ஆளுக்கு என்ன வேலை?

டீபாக்ஸ்:
கோல்ஃபில் ஐசன்ஹோவர் கோப்பை, அதாவது அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) ஆண்களுக்கான உலக அணிப் போட்டியின் விதிகளைப் படித்தேன். நாட்டுக்கு மூன்று பேர், நான்கு நாள், ஆளுக்கு 72 ஹோல் (குழி). ஆனால் ஸ்கோர் என்பது அடித்த அடிகளின் எண்ணிக்கை, குறைந்தால்தான் நல்லது; தினமும் குறைவான இரண்டு ஸ்கோர்தான் அணிக்கணக்கில் சேருமாம். அப்போ மூன்றாவது ஆள் ஒப்புக்குச் சப்பாணியா? துணிந்து அடி என்று அவரை மட்டும் அவிழ்த்துவிடலாமே?

முன்னாள்_அமெச்சூர்:
அந்த மூன்றாவது ஆள் யார் என்று காலையில் யாருக்குமே தெரியாதே! இதே முறையில் நாட்டுக்காக ஆடியிருக்கிறேன். மூவரும் வேறு வேறு குரூப்பில், பிற நாட்டுக்காரர்களோடு போவோம். ஒருநாள் எங்கள் ஆள் முதலில் 76 அடித்துவிட்டு வந்தான். 'இது எங்கே சேரப்போகுது' என்று கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்துவிட்டான். நான் 17ஆவது ஹோலின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடத்தில்) நிற்கிறேன், கேப்டன் ஓடி வருகிறார்: "கடைசி ஆள் இரண்டு பந்தைத் தண்ணியில விட்டுட்டான்." அவ்வளவுதான், செத்துப்போன 76க்கு உயிர் வந்துவிட்டது! அந்த 76காரன் 16ஆவது ஹோலில் போகிக்காக (நிர்ணயித்ததைவிட ஓர் அடி கூடுதலோடு முடிக்க) நாலடி தூரத்திலிருந்து குழிக்குள் உருட்டிப் போட்ட அடியை நாங்கள் அதுவரை கண்டுகொள்ளவே இல்லை. தனி ஆட்டத்தில் இந்த அவஸ்தை கிடையாது. கெட்டுப்போனால் உன்னோடு போச்சு.

பழைய_ஸ்கோர்கார்டு:
முன்பு நான்கு பேர் ஆடி மூன்று ஸ்கோர் சேரும். 2002இலிருந்துதான் மூன்றுக்கு இரண்டு. பெண்களின் எஸ்பிரிட்டோ சாண்டோ கோப்பையிலும் மூன்றுக்கு இரண்டுதான். ஒரு ஸ்ட்ரோக்கின் (ஓர் அடியின்) விலை தெரியவேண்டுமா? 1958, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ், ஐசன்ஹோவர் கோப்பையின் முதல் போட்டி. ஆஸ்திரேலியா 918, அமெரிக்கா 918, பிரிட்டன்-அயர்லாந்து 919. சமனை உடைக்க நடந்த பிளேஆஃபில் 222க்கு 224 என்று ஆஸ்திரேலியா ஜெயித்தது. அந்த 919காரர்களுக்கு அன்று தூக்கம் வந்திருக்குமா!

கிரீன்சைடு:
அமெரிக்காவும் பிரிட்டன்-அயர்லாந்தும் மோதுகிற அமெச்சூர் வாக்கர் கோப்பை மேட்ச் ப்ளே (மொத்த அடியை எண்ணாமல், ஹோல் ஹோலாக யார் ஜெயித்தார் என்று பார்ப்பது) என்பதால் ஸ்கோரைத் தள்ளுகிற பேச்சே இல்லை. பதிலாக ஆளையே உட்கார வைப்பார்கள். பத்துப் பேர் அணியில் முதல் நாள் சிங்கிள்ஸ் (ஒருவருக்கு எதிராக ஒருவர்) எட்டுதான். என்னைக் கேட்டால் அதுதான் கொடுமை.

டீபாக்ஸ்:
சரி, துணிந்து அடிக்கிற நேரம் வரவே வராதா?

முன்னாள்_அமெச்சூர்:
வரும். மற்ற இருவரும் நல்ல ஸ்கோரோடு கார்டைக் கொடுத்துவிட்டால், கடைசி ஆள் தண்ணிக்கு மேலேயே குழியில் நட்ட கொடியைப் பார்த்து அடிக்கலாம். அதற்கு முன்னால் அடித்தால் கேப்டன் பார்க்கிற பார்வையே வேறு.