முதல் தோட்டா எங்கே போகிறது? வேட்டை ரைபிளுக்குக் குழல் மாற்றிய அனுபவங்கள்

முத்தியால்பேட்டைக்காரன்

எங்கள் வீட்டைத் தெருவில் சொல்தா (பிரெஞ்சில் சிப்பாய்) வீடு என்றுதான் சொல்வார்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். சித்தப்பாவும் அதே வழியில் போய், ஓய்வுக்குப் பிறகு பிரான்சில் ஓர்லேயானுக்குத் தெற்கே சொலோஞ் காட்டுப் பக்கம் குடியேறிவிட்டார். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு இடமில்லை. அங்கே தேர்வு எழுதி ‘பெர்மி’ (வேட்டை உரிமம்) வாங்கியவர்கள் பருவத்தில் காட்டுப்பன்றியும் மானும் வேட்டையாடுகிறார்கள். 2019 இறுதியில் நான் இரண்டு மாதம் அவரோடு தங்கியிருந்தேன். அப்போது பார்த்ததை எழுதுகிறேன்.

சித்தப்பாவிடம் இருந்தது பழைய மவுசர் 98 ரைபிள், 7×64 தோட்டா (7 மி.மீ. குண்டு, 64 மி.மீ. நீள உறை). ராணுவத் தோட்டா அளவுகளுக்கு அந்த நாட்டில் 2013 வரை கெடுபிடி இருந்ததால், வேட்டைக்காரர்கள் பலர் இந்த அளவைப் பிடித்துக்கொண்டார்கள். ரைபிளின் உடல் நன்றாக இருந்தது. குழல் உள்ளே துருப்பிடித்துப் புள்ளி விழுந்துவிட்டது. புதுக் குழல் போட வேண்டும் என்று ஒரு துப்பாக்கிக் கடையில் கொடுத்தார். பளபளவென்று, வாய்ப்பக்கம் மெலிந்து, பார்க்கவே அழகாகத் திரும்பி வந்தது.

சுட்டுப் பார்த்தபோது முதல் தோட்டா 100 மீட்டரில் நடுவில் போய் விழுந்தது. இரண்டாவது இரண்டு விரல்கடை மேலே. மூன்றாவது அதற்கும் மேலே, கொஞ்சம் வலப்பக்கம். அரை மணி நேரம் ஆறவிட்டுச் சுட்டால் மறுபடி நடுவில். சூடு ஏற ஏறக் குறி நகர்ந்துகொண்டே போனது. தன் கைதான் நடுங்குகிறது, வயசாகிவிட்டது என்று சித்தப்பா நினைத்துக்கொண்டு இரண்டு வாரம் பேசாமல் இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் வேறொரு ஊரில் வயதான ஆர்மூரியே (துப்பாக்கி வேலைக்காரர்) ஒருவரிடம் போனோம். அவர் ரைபிளை உடனே கையில் வாங்கவில்லை. முதலில் கேள்விகள் கேட்டார். எத்தனை கிராம் குண்டு போடுவீர்கள்? காட்டில் எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்? வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுவீர்கள்? பத்து, பதினொரு கிராம் குண்டு, நாள் முழுக்க நடை, வருஷத்துக்கு நாற்பது தோட்டா என்றார் சித்தப்பா.

நாற்பது தோட்டா என்றால் குழல் தேய்ந்துபோகும் என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். போட்டிக்காரர்கள் போடுகிற கனமான குழலும் வேண்டாம். ‘ஆறிக் கிடக்கும் குழலிலிருந்து போகும் முதல் தோட்டா, மழையோ பனியோ, என்றைக்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும். உங்களுக்குத் தேவை அது ஒன்றுதான்’ என்றார். நான் இதைப் பெரிய பாடமாக எடுத்துக்கொண்டேன். நாங்கள் அதுவரை ஐந்து தோட்டா எவ்வளவு நெருக்கமாக விழுகிறது என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றை எங்கள் ரைபிளின் குழலுக்குள் வைத்து, கம்பியால் மெதுவாகத் தள்ளச் சொன்னார். நானே தள்ளினேன். முக்கால் தூரம் வரை ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு போனது. வாய் நெருங்கும்போது சட்டென்று பிடி தளர்ந்து வழுக்கியது. கைக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் இருந்த வேறொரு குழலில் தள்ளியபோது முதலிலிருந்து கடைசிவரை ஒரே பிடி. ‘கண்ணாடி மாதிரி மின்னுகிறதா என்று பார்க்காதே, ஒரே அளவா என்று பார்’ என்றார்.

அந்த இரண்டாவது குழலையே போட்டோம். குண்டைச் சுழலவைக்க உள்ளே திருகலாக ஓடும் வரிப்பள்ளம் அதில் 220 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. நீளமான குண்டுக்குச் சுழற்சி வேகமாக வேண்டும், இல்லையென்றால் குண்டு தலை ஆடும். 7×64-இன் கனமான குண்டுகளுக்கு இந்த அளவு சரியாக வரும். பொருத்திய பிறகு சேந்த் எத்தியேனில் உள்ள அதிகாரப்பூர்வச் சோதனைக் கூடத்துக்கு அனுப்பி முத்திரை வாங்கினார்கள். அங்கே அது இல்லாமல் கையில் கொடுக்க மாட்டார்கள்.

முதல் குழல் ஏன் வாய்ப்பக்கம் தளர்ந்திருந்தது என்று எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மந்தாரக்குப்பம் கடைசல்

தம்பி, நான் துப்பாக்கி வேலை செய்தவன் இல்லை. நெய்வேலியில் 31 வருஷம் லேத்திலும் போரிங்கிலும் நின்றவன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரைட் பார் (குளிர்நிலையில் இழுத்த இரும்புக் கம்பி) ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் சாவிக்காடி வெட்டினேன். வெட்டும் முன் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. கிளாம்பைத் தளர்த்தியதும் வில்லாக வளைந்துவிட்டது. என் மேஸ்திரி திட்டவில்லை. ‘இரும்புக்குள் இறுக்கம் இருக்குடா, ஒரு பக்கம் எடுத்தா மறுபக்கம் இழுக்கும்’ என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

உங்கள் குழலிலும் அதுதான் நடந்திருக்க வேண்டும். உள்ளே வரிப்பள்ளம் போட பல வழி உண்டு. ஒன்று, சிறு வெட்டுளியால் மயிரிழை மயிரிழையாகச் சீவி எடுப்பது. அமெரிக்காவில் க்ரீகர் இப்படிச் செய்கிறார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் இரும்புக்குள் இறுக்கம் ஏறாது. இன்னொன்று, கார்பைடு பட்டன் (கெட்டியான குமிழ்) ஒன்றை உள்ளே இழுத்து இரும்பை நெரித்துப் பள்ளம் ஆக்குவது. ஜெர்மனியின் லோதர் வால்தர் இந்த வழியில் பேர் பெற்றவர்கள். மூன்றாவது, அச்சுக்கம்பியை உள்ளே வைத்து வெளியிலிருந்து சம்மட்டி இயந்திரத்தால் அடிப்பது. பெரிய தொழிற்சாலைகளுக்கு அது தோது.

பட்டன் முறை மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நெரித்த இறுக்கத்தைச் சூளையில் வைத்துத் தணித்துவிட்டால் அருமையாக இருக்கும். தணிக்காமல், அழகுக்காக வெளிப்புறத்தை மெலிதாகக் கடைந்தால் உள்துவாரம் அந்த இடத்தில் விரிந்துகொள்ளும். வாய்ப்பக்கம்தான் அதிகம் கடைவார்கள், அங்கேதான் விரியும். அதே இறுக்கம்தான் சூடானதும் குழலை ஒரு பக்கம் இழுத்துக் குறியை நகர்த்துகிறது. எடை குறைக்க வெளியே நீளவாட்டில் காடி வெட்டுகிறார்களே, அதையும் கடையில் தனியாக வெட்டிக்கொள்ளக் கூடாது. குழல் செய்தவரே வெட்டிக் கொடுக்க வேண்டும்.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி, ‘வெளிப்புறம் கடைந்தது யார், தணித்த பிறகா முன்னாலா’ என்பது. கம்பெனி பேரை அப்புறம் கேட்கலாம்.

திருப்பாப்புலியூர் .22

நான் 50 மீட்டர் ப்ரோன் (படுத்துச் சுடும் போட்டி) சுடுகிறேன், வேட்டை தெரியாது. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே கம்பெனி, ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்து எண் போட்ட இரண்டு குழலுக்கும் ஒரே தோட்டா பிடிக்காது. அதனால்தான் எலி, லாபுவா கம்பெனிகள் ரைபிளை இடுக்கியில் பூட்டி, தோட்டாவை லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்க இடம் வைத்திருக்கிறார்கள். நல்ல குழல் வாங்கிவிட்டு ஒரே ஒரு வகைத் தோட்டாவைச் சுட்டு ‘சரியில்லை’ என்று தீர்ப்பு சொல்வது அந்தக் குழலுக்குச் செய்யும் அநியாயம்.

இங்கே லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 1959 ஆயுதச் சட்டத்தில் உதிரிபாகமும் ஆயுதக் கணக்கில் வரும். குழலைக் குட்டையாக்கத் தனி உரிமம் வேண்டும். மேலே அண்ணன் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் கடைசல் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்.

தேவனாம்பட்டினம்

என்சிசியில் ரைபிள் துடைக்கச் சொல்லிக்கொடுத்தவன் நான். குழலின் வாய் விளிம்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! குண்டு கடைசியாகத் தொடுவது அதைத்தான். குழல் துடைக்கும், மணல் ஒட்டிய புல்-த்ரூ கயிற்றைச் சாய்த்து இழுத்து இழுத்து, வாயின் ஒரு ஓரம் தேய்ந்த ரைபிள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓரம் தேய்ந்தால் பின்னால் வரும் வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறிக் குண்டைத் தள்ளிவிடும். புதுக் குழல் வாங்கும்போது விளிம்பு கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறதா பாருங்கள். கீழே இடித்தாலும் அடிபடாது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பேச்சில் தனிப் பாசம் உண்டு. 1690-இல் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையை மராத்தியர் ஆங்கிலேயருக்கு விற்றபோது, பீரங்கிக் குண்டு எட்டும் தூரம்வரை உள்ள ஊர்கள் வாங்கியவர்களுக்கு என்று ஒப்பந்தம். வரிப்பள்ளம் இல்லாத அந்தக் குழலில் குண்டு போன இடம்வரை எல்லை. இன்றும் குண்டு உப்பலவாடி என்று ஊர்ப்பேரே இருக்கிறது.

முத்தியால்பேட்டைக்காரன்

மந்தாரக்குப்பம் ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் எழுதியதை சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முதல் கடையில் ‘கொஞ்சம் மெலிதாக்கித் தருகிறோம்’ என்று சொன்னது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன் கை நடுங்கவில்லை என்று தெரிந்ததில் அவருக்கு எவ்வளவு நிம்மதி என்பது குரலிலேயே தெரிந்தது.

அவர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பழகும் மைதானத்துக்குப் போகும் நாளெல்லாம் முதல் தோட்டாவை மட்டும் ஒரே அட்டையில் சுடுவார். பக்கத்தில் தேதியும் அன்றைய குளிரும் பென்சிலில் எழுதுவார். மற்றத் தோட்டாக்களுக்கு வேறு அட்டை. ஜனவரியில் புதுச்சேரி வந்தபோது அந்த அட்டையைப் பெட்டிக்குள் துணி மடிப்பில் வைத்து எடுத்து வந்தார். பதினொரு ஓட்டை. காபி டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது.