ஷாஃப்ட் வண்டியில் பின்சக்கரப் பக்கம் எண்ணெய் ஒழுகுகிறது: எந்த சீலை மாற்றுவது?

செக்காலை வாசி
வணக்கம். என் வண்டியில் பின்சக்கரத்துக்கு அருகே வலப்பக்கமாக எண்ணெய் ஒழுகுகிறது. இரவு நிறுத்தினால் காலையில் வீட்டு முகப்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை கிடக்கிறது. ஆத்தங்குடிக் கல் என்பதால் எண்ணெய் மேலே நிற்காமல் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆச்சி இரண்டு நாளாக அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். செயின் கிடையாது, சுழலும் தண்டு பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டி. சக்கரத்து ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று மெக்கானிக் சொல்கிறார். அடுத்த வாரம் வெளியூர் போக வேண்டும். எந்த சீல், எங்கே கிடைக்கும் என்று யாராவது உடனே சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா
தம்பி, எந்த வண்டி, எந்த ஆண்டு என்பதை முதலில் எழுதுங்கள். என்ன எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள், எப்போது ஊற்றினீர்கள், ஓடிய பிறகு ஒழுகுகிறதா அல்லது நின்றபடியே ஒழுகுகிறதா, கடைசியாக வண்டியில் எதைக் கழற்றிப் பூட்டினீர்கள் என்பவையும் தெரிய வேண்டும். இவை தெரியாமல் சீலின் பெயரைச் சொல்வது உங்கள் பணத்தை வீணாக்கும்.

பள்ளத்தூர் பட்டறை
ஷாஃப்ட் வண்டியில் பின்னால் எண்ணெய் வந்தால் அது பைனல் டிரைவின் (ஷாஃப்ட்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பும் கியர்ப்பெட்டியின்) சக்கரப்பக்க சீல்தான். சீலின் மேல் எழுதியிருக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் ஆகிய மூன்று எண்களையும் குறித்துக்கொண்டு மதுரையிலோ திருச்சியிலோ ஒரு பேரிங் கடைக்குப் போனால் அரைமணி நேரத்தில் கிடைக்கும். இரட்டை உதடு உள்ளதாகக் கேளுங்கள். நைட்ரைல் ரப்பர் வேண்டாம், நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு வைட்டான் ரப்பர்தான் நீடிக்கும்.

கோட்டையூர் பயணி
சீலைத் தொடுவதற்கு முன்னால் வலப்பக்க ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். அது பைனல் டிரைவுக்கு நேர் மேலே நிற்பதால், அதன் தண்டு வழியாகக் கசியும் எண்ணெய் கீழே வடிந்து பைனல் டிரைவே ஒழுகுவதைப் போலத் தோன்றும். என் வண்டியில் இப்படித்தான் ஏமாந்து, நன்றாக இருந்த சீலை மாற்றினேன்.

கல்லுக்கட்டி மூத்தவர்
வண்டியின் பெயரைக்கூட எழுதாமல் உதவி கேட்பவர்களுக்கு உதவுவது கடினம். இந்த வண்டிகளை வைத்திருப்பவர்கள் கையேட்டை ஒருமுறையாவது முழுமையாகப் படித்திருக்க வேண்டும் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். கையேட்டின் எண்ணெய்ப் பகுதியைப் படித்தாலே இவருடைய கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

செக்காலை வாசி
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். பி.எம்.டபிள்யூ. ஆர்80/7, 1979. அப்பச்சி தில்லியில் ஒரு தூதரக ஏலத்தில் வாங்கியது. எல்லாப் பகுதிக்கும் போன மாதம் நானே அளந்து எண்ணெய் மாற்றினேன்: கியர்பாக்ஸுக்கு 800 மில்லி, ஷாஃப்ட் குழாய்க்கு 120, பைனல் டிரைவுக்கு 250. மூன்றிலும் 80டபிள்யூ-90 கியர் ஆயில், ஜிஎல்-5 தரம். நீண்ட தூரம் ஓடிய பிறகுதான் ஒழுகல் அதிகம். ஷாக் அப்சார்பர் உலர்ந்திருக்கிறது.

தேவகோட்டை ரஸ்தா
இப்போது பேசலாம். இந்த வண்டியில் எண்ணெய் ஓர் இடத்தில் இல்லை, நான்கு தனி அறைகளில் இருக்கிறது: இன்ஜின், கியர்பாக்ஸ், வலப்பக்க ஸ்விங் ஆர்முக்குள் (பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கைக்குள்) ஷாஃப்ட் சுழலும் குழாய், கடைசியில் பைனல் டிரைவ். அறைகளுக்கு நடுவே சீல்கள் காவல் நிற்கின்றன. வெளியே வரும் எண்ணெய் எந்த அறையில் பிறந்தது என்று தெரியாதவரை, அது எந்த வாசல் வழியாக வந்தது என்பதை மட்டும் அறிந்து பயனில்லை. உள்ளே ஒரு சீல் விட்டு, பக்கத்து அறை நிரம்பி, அங்கிருந்து வழிந்தாலும் தரையில் விழும் கறை ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆகையால் இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். முதலாவதாக, வலப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, மேலே வெள்ளைப் பவுடரைத் தூவிக்கொண்டு ஒரு பத்து கிலோமீட்டர், குன்றக்குடி வரைக்குமாவது, மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னால் தள்ளுவதால் ஈரம் தொடங்கும் முன்விளிம்பைத்தான் பார்க்க வேண்டும். ஈரம் முடியும் இடம் எதையும் சொல்லாது. இரண்டாவதாக, வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, சூடாக இருக்கும்போதே மூன்று அறைகளின் எண்ணெயையும் தனித்தனிப் பாத்திரத்தில் இறக்கி, மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் அளந்து எழுதுங்கள். நீங்கள் ஊற்றிய அளவு கையில் இருப்பது பெரிய வசதி. பெரும்பாலானவர்களிடம் அது இருப்பதில்லை.

அதுவரை ஒரு எச்சரிக்கை. பின்னால் இருப்பது டிரம் பிரேக். சக்கரப்பக்க சீல் உண்மையிலேயே விட்டிருந்தால் எண்ணெய் பிரேக் ஷூவின் மேல் படியும், பிரேக் பிடிக்காது. சக்கரத்தைக் கழற்றி டிரம்மின் உட்புறம் உலர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் சாலையில் இறங்க வேண்டாம். ஷூ நனைந்திருந்தால் கழுவிப் பூட்டுவதை நம்பக் கூடாது, மாற்றிவிட வேண்டும்.

குன்றக்குடி மாணவன்
பவுடருக்குப் பதில் வீட்டில் இருக்கும் கோலமாவைத் தூவலாமா?

தேவகோட்டை ரஸ்தா
கடையில் விற்கும் கோலமாவு பெரும்பாலும் கல்மாவு. அது சீலின் உதட்டில் ஒட்டினால் மணல்தாள் போலத் தண்டைத் தேய்த்துவிடும். முகத்துக்குப் போடும் பவுடரோ சலித்த அரிசிமாவோ போதும்.

பள்ளத்தூர் பட்டறை
எல்லோரும் அளவைப் பற்றிப் பேசுகிறீர்கள், எண்ணெயைப் பற்றிப் பேசவில்லை. ஜிஎல்-5 எண்ணெயில் உள்ள கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். கியர்பாக்ஸில் ஜிஎல்-4 ஊற்றியிருக்க வேண்டும். அரிப்பு தொடங்கினால் தேய்ந்த துகள் சீலைக் கெடுக்கும்.

கோட்டையூர் பயணி
அண்ணே, அந்தக் கவலை கார் கியர்பாக்ஸுக்கு உரியது. அங்கே கியர்களைச் சமவேகத்துக்குக் கொண்டுவரும் வளையங்கள் பித்தளையில் இருக்கும். இந்த மோட்டார்சைக்கிள் கியர்பாக்ஸில் அப்படிப்பட்ட வளையமே கிடையாது. பற்கள் எப்போதும் இணைந்தே சுழல்கின்றன, பக்கவாட்டுக் கொக்கிகள்தான் மாறி மாறிப் பிடிக்கின்றன. பைனல் டிரைவிலோ சாய்பல் கியர்கள் ஒன்றை ஒன்று பெரும் அழுத்தத்தில் தேய்த்துச் சுழல்கின்றன, அங்கே ஜிஎல்-5 இல்லாமல் தீராது. கையேடும் அதைத்தான் கேட்கிறது.

பள்ளத்தூர் பட்டறை
கையேடு எழுதியவர் நம் ஊர் வெயிலில் ஓட்டவில்லை. என் கையால் திறந்த பெட்டிகளில் கறுத்துப்போன புஷ்களைப் பார்த்திருக்கிறேன்.

கோட்டையூர் பயணி
பார்த்ததை நான் மறுக்கவில்லை. கறுப்பது வேறு, அரித்துக் குறைவது வேறு என்பதே என் வாதம். அந்தப் புஷ்களை அளந்து பார்த்தீர்களா?

கல்லுக்கட்டி மூத்தவர்
இருவரும் வேறு இடத்துக்குப் போய்விட்டீர்கள். கேட்டவருடைய எண்ணெய் சரியானது, ஊற்றிய அளவும் சரி. இவருடைய மெக்கானிக் சொன்னது சக்கரப்பக்க சீல். அனுபவமுள்ள எவரும் அதைத்தான் சொல்வார்கள். வண்டி நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது, ரப்பர் கெட்டியாகி உதடு வெடித்திருக்கும். அளந்து எழுதுவதெல்லாம் புதிதாகக் கற்பவர்களுக்கான பயிற்சி. சீலை மாற்றிவிட்டுப் போகலாம்.

செக்காலை வாசி
நான்கு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். டிரம்மும் ஷூவும் உலர்ந்திருக்கின்றன. பவுடரில் ஈரம் தொடங்கிய இடம், ஸ்விங் ஆர்ம் குழாயும் பைனல் டிரைவும் சேரும் இணைப்பின் அடிப்பக்கம். இறக்கிய அளவுகள்: கியர்பாக்ஸ் 620, ஷாஃப்ட் குழாய் 235, பைனல் டிரைவ் 265.

தேவகோட்டை ரஸ்தா
இந்த மூன்று எண்களில் விடை இருக்கிறது. நீங்கள் மொத்தம் 1170 மில்லி ஊற்றினீர்கள், 1120 திரும்பி வந்திருக்கிறது. கியர்பாக்ஸ் 180 இழந்திருக்கிறது. குழாய் 115 பெற்றிருக்கிறது, பைனல் டிரைவ் 15 பெற்றிருக்கிறது. மீதி 50 உள்சுவர்களில் ஒட்டியதும் முகப்புத் தரையில் விழுந்ததுமாக இருக்கும். சக்கரப்பக்க சீலுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கியர்பாக்ஸின் எண்ணெய், அதன் பின்பக்கத் தண்டைச் சுற்றியுள்ள சீலைத் தாண்டிக் குழாய்க்குள் இறங்குகிறது. குழாய் பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் அங்கே தேங்கி, இணைப்பில் உள்ள காகித கேஸ்கட் வழியாக வெளியேறுகிறது.

ஆனால் அந்த சீல் உண்மையில் கெட்டதா, அல்லது அழுத்தம் அதைத் தள்ளித் திறக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். ஓடிய பிறகு அதிகமாக ஒழுகுகிறது என்று நீங்கள் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது. 30 டிகிரியில் இருக்கும் காற்று 90 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விரிவடையும். அது வெளியேற இந்தக் கியர்பாக்ஸில் தனியாக ஒரு மூச்சுக்குழாய் வைக்கவில்லை. வேகமானியின் கேபிளை கியர்பாக்ஸோடு பிடித்திருக்கும் போல்ட்டின் நடுவே துளையிட்டு அதையே மூச்சுவழி ஆக்கியிருக்கிறார்கள். அந்த போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளை அழுக்கால் அடைத்திருக்கிறதா? கேபிளை அண்மையில் மாற்றினீர்களா?

செக்காலை வாசி
ஆமாம், கேபிளை ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் மாற்றினார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது துளையில்லாத சாதாரண போல்ட். இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

தேவகோட்டை ரஸ்தா
பழைய போல்ட் கிடைக்குமா என்று அந்தப் பட்டறையில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், வெளியிலிருந்து வரவழைக்கும்வரை அதே அளவு போல்ட்டில் லேத் பட்டறையில் துளையிட்டுப் பூட்டலாம். துளையை மெல்லியதாக, பழைய போல்ட்டில் இருப்பதைப் போலவே போடச் சொல்லுங்கள். கேபிள் நுழையும் இடத்து ரப்பர் உறை கிழிந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் மழைநீர் கியர்பாக்ஸுக்குள் இறங்கும். இணைப்பின் காகித கேஸ்கட்டைப் புதிதாக வெட்டிப் போடுங்கள்.

பின்பக்க சீலை இப்போது தொட வேண்டாம். அதை மாற்ற ஷாஃப்ட்டைப் பிரித்து, கூம்புத் தண்டின் மேல் இறுகியிருக்கும் பிளேஞ்சை (ஷாஃப்ட்டைப் பூட்டும் வட்டை) தகுந்த புல்லரால் இழுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி எடுக்க முயன்றால் பேரிங்கும் தண்டும் கெடும். முதலில் மூச்சுவழியைத் திறந்துவிட்டு, மூன்று அறைகளுக்கும் பழைய அளவிலேயே ஊற்றி, ஓட்டிவிட்டு, குழாயை மட்டும் மறுபடி இறக்கி அளந்து பாருங்கள். குழாயின் அளவு மீண்டும் ஏறியிருந்தால் அப்போது சீலை மாற்றுவோம்.

பள்ளத்தூர் பட்டறை
இணைப்புக்கு கேஸ்கட்டோடு மெல்லியதாக ஷெல்லாக்கும் தடவலாம். சிலிக்கான் பசை வேண்டாம்; அதிகப்படியானது உள்ளே பிதுங்கி உடைந்து எண்ணெயோடு சுற்றும்.

கல்லுக்கட்டி மூத்தவர்
துளையுள்ள போல்ட் பற்றிக் கையேட்டில் இருக்கிறது. கேபிளை மாற்றியவர்கள் படித்திருக்க வேண்டும். சக்கரப்பக்க சீல் என்று நான் சொன்னது இந்த வண்டிக்குப் பொருந்தவில்லை. டிரம் உலர்ந்திருக்கிறது என்ற பிறகு அதை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் வண்டியின் வயதை மறக்க வேண்டாம். அடுத்த முறை கியர்பாக்ஸை இறக்கும்போது முன்பக்க சீலையும் சேர்த்துப் பாருங்கள். இத்தனை நாள் அழுத்தத்தில் எண்ணெய் முன்பக்கமாகவும் தள்ளப்பட்டிருந்தால் கிளட்ச் தட்டு நனையும்.

செக்காலை வாசி
பழைய போல்ட் அந்தப் பட்டறையின் திருகுப் பெட்டியிலேயே கிடைத்தது. பூட்டி, கேஸ்கட் மாற்றி, திருச்சிக்குப் போய்வந்தேன். குழாயில் 120 ஊற்றினேன், 120 இறங்கியது. முகப்பில் புதிய கறை இல்லை. எல்லோருக்கும் நன்றி.

தேவகோட்டை ரஸ்தா
மகிழ்ச்சி, தம்பி. 1000 கிலோமீட்டர் ஓடியதும் குழாயை இன்னொரு முறை அளந்து இங்கேயே எழுதுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குன்றக்குடி மாணவன்
இரண்டு மாதம் ஆகிறது. அளந்தீர்களா, ஐயா? என் சித்தப்பாவின் ஆர்75/6 வண்டியிலும் அதே இடத்தில் துளையில்லாத போல்ட்தான் இருக்கிறது.