வலது பக்கம் அடிவயிறு வலி, சூடுன்னு விட்டுடலாமா?

கேள்வி:
என் தங்கச்சிக்கு 23 வயசு. நேத்து சாயங்காலம் ஆபீஸ்ல இருந்து வந்ததுல இருந்தே வயிறு வலிங்கறா, மொதல்ல தொப்புளை சுத்தி லேசா இருந்துச்சாம், காலைல இருந்து அடிவயிறு வலது பக்கம் மட்டும் குத்துதாம். ஒரு தடவை வாந்தி எடுத்தா, இட்லி வச்சா வேணாங்கறா, உடம்பும் லேசா சுடுது. பீரியட்ஸ் முடிஞ்சு ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. அம்மா இது வெயில் சூடுன்னு வெந்தயமும் மோரும் குடுத்தாங்க, மெடிக்கல்ல கேஸ் மாத்திரை குடுத்தாங்க, ரெண்டுக்கும் கேக்கல. நாங்க வில்லிவாக்கம். திங்கக்கிழமை வரைக்கும் பாக்கலாமா?

பதில் 1:
சிஸ்டர், திங்கக்கிழமை வேணாம், இன்னைக்கே போங்க. நான் சர்ஜரி வார்டுல நர்ஸ். தொப்புள் கிட்ட ஆரம்பிச்சு சில மணி நேரத்துல வலது பக்கம் கீழ இறங்குற வலி, கூடவே பசி இல்ல, வாந்தி, லேசான காய்ச்சல், இதை கேட்டா எங்களுக்கு மொதல்ல அப்பென்டிக்ஸ், அதாவது குடல்வால் வீக்கம், ஞாபகம்தான் வரும். இருமினா சுருக்குன்னு இருக்கா, மாடிப்படி இறங்கும்போது வலி ஏறுதான்னு கேளுங்க. ஆட்டோ ஸ்பீட் பிரேக்கர்ல குலுங்கும்போது உயிர் போகுதுன்னு சொல்றவங்களை நிறைய பாத்திருக்கேன். வயித்துல சுடுதண்ணி ஒத்தடம் குடுக்காதீங்க, வயிறு சுத்தமாகட்டும்னு பேதி மாத்திரை குடுக்கவே கூடாது, உள்ள குடல்வால் வீங்கி இருந்தா வெடிக்க வாய்ப்பு இருக்கு. வலி திடீர்னு நின்னுட்டாலும் நிம்மதியாகிடாதீங்க, சில பேருக்கு வெடிச்ச உடனே கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.

பதில் 2:
அவங்க சொல்றது சரி, ஆனா பொண்ணுன்னா இன்னும் சிலதும் பாக்கணும்மா. ரெண்டு பீரியட்ஸுக்கு நடுவுல கருமுட்டை வர்ற நேரத்துல ஒரு பக்கம் வலிக்கும், அது பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள்ல போயிடும், காய்ச்சல் இருக்காது. சினைப்பைல கட்டி இருந்து அது முறுக்கிக்கிட்டா திடீர்னு தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும், அதுவும் அவசரம்தான், லேட் பண்ணா சினைப்பையே போயிடும். டாக்டர் யூரின்ல பிரெக்னன்சி டெஸ்ட் எடுக்க சொன்னா கோவப்படாதீங்க, கல்யாணம் ஆகலன்னாலும் இந்த வயசுல எல்லாருக்கும் எடுப்பாங்க, கரு குழாய்ல தங்கினா உள்ளயே ரத்தம் போய் உயிருக்கே ஆபத்து. டாக்டர் கேக்குறப்போ அம்மா கொஞ்சம் வெளிய இருந்தா அவ மனசு விட்டு பேசுவா, இதை நான் ரொம்ப முக்கியமா சொல்றேன்.

பதில் 3:
எனக்கு போன சித்திரைல இதே வலது பக்கம் வந்துச்சு, கடைசில யூரின் குழாய்ல கல்லு. ஆனா அது வேற மாதிரி, இடுப்புக்கு பின்னாடி கெளம்பி தொடை இடுக்கு வரைக்கும் இழுக்கும், விட்டு விட்டு வரும், ஒரு இடத்துல உக்கார முடியாது, புரண்டுக்கிட்டே இருந்தேன். அப்பென்டிக்ஸ்னா அசையாம படுத்துக்கத்தான் தோணும்னு டாக்டர் சொன்னாரு. நீர்க்கடுப்பும் அடிக்கடி யூரின் போறதும் இருந்தா இன்பெக்‌ஷனா இருக்கலாம். இதை படிக்கிற பசங்களும் கேட்டுக்கோங்க, விதைல வர்ற வலி சில பேருக்கு அடிவயித்துலதான் தெரியும், வெக்கப்பட்டு மறைக்காதீங்க, முறுக்கி இருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள பாத்தா காப்பாத்த வாய்ப்பு அதிகம், லேட் ஆக ஆக அது குறையும்.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரும சொன்னேன், வலது பக்கத்தை புடிச்சுக்கிட்டு அழுதுட்டா. காலை நீட்டவும் முடியல, மடக்கியே படுத்திருக்கா. கீழ்ப்பாக்கம் ஜிஎச்தான் கிட்ட, கெளம்புறோம்.

பதில் 1:
நல்லது, கேஷுவாலிட்டிக்கே நேரா போங்க, நடக்க முடியலன்னா 108 கூப்பிடுங்க. இனிமே மோர் கூட குடுக்காதீங்க, ஆபரேஷன்னா வெறும் வயிறா இருக்கணும். கடைசியா எப்ப என்ன சாப்பிட்டா, என்ன மாத்திரை போட்டா, கடைசி பீரியட்ஸ் தேதி, மூணையும் ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க. ஸ்கேன்ல அப்பென்டிக்ஸ் தெரியலன்னு சொன்னா உடனே வீட்டுக்கு கூட்டிட்டு வந்துடாதீங்க, சில சமயம் அது ஸ்கேன்ல சிக்காது, சர்ஜன் கை வச்சு பாத்துட்டு சொல்லட்டும்.