கோயில் காட்டில் விதை பொறுக்கியவர்கள்: மரம் நட்ட அனுபவங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து, ஓர் ஆசிரியை:

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது ஊரில் பாதிப்பேர் எங்கள் பள்ளிக் கட்டடத்தில்தான் இருந்தோம். விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் தரையோடு தரையாகக் கிடந்தன. நூறு வருடப் பலா மரங்கள் வேர்மண்ணோடு புரண்டிருந்தன. மூன்று நாள் கழித்து ஊருக்கு வடக்கே ஐயனார் கோயில் காட்டுப் பக்கம் போனேன். கிளை முறிந்து, இலை உதிர்ந்து, காடு மொட்டையாகத்தான் இருந்தது. ஆனாலும் வேரோடு சாய்ந்த மரம் ஒன்றிரண்டுக்கு மேல் கண்ணில் படவில்லை. வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற நம் காட்டு மரங்கள் எல்லாம் அவை நின்ற இடத்திலேயே நின்றன. அன்று அதை மனத்தில் குறித்துக்கொண்டேனே தவிர, அதற்கு என்ன பொருள் என்று யோசிக்கவில்லை.

மறு ஆண்டு ஜூன் 5, சுற்றுச்சூழல் தினம். வெளியூரிலிருந்து ஒரு வண்டி நிறையக் கன்றுகள் வந்தன. பெரும்பாலும் மயிற்கொன்றையும் தூங்குமூஞ்சியும். பிள்ளைகள் ஆசையாக நட்டார்கள். கத்திரி வெயிலின் சூடு இன்னும் தணியாத செம்மண் அது. ஆடிக்காற்று முடிவதற்குள் அநேகமாக எல்லாம் காய்ந்துவிட்டன. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் குடிதண்ணீர்ப் புட்டியில் பாதியைத் தினமும் ஒரு காய்ந்த குச்சிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். “இது இனிமேல் வராது, கண்ணு” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வனமகோத்சவம் 1950 முதல் ஜூலையில் கொண்டாடப்படுகிறது. ஜூலையில் நல்ல மழை பெறும் ஊர்களுக்கு அது பொருத்தம். நம் கிழக்குக் கரைக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இதைப் பாடத்தில் வருடா வருடம் நடத்துகிறேன். கன்றை மட்டும் ஜூனில் நட்டேன். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

அதன்பின் ஒருநாள் வகுப்பில் “காடு வரையுங்கள்” என்றேன். முக்கால்வாசிப் பேர் நேர்க்கோட்டில், ஒரே உயரத்தில், தைல மரங்களை வரைந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மாவட்டத்தில் பஸ் ஜன்னலில் தெரியும் காடு பெரும்பாலும் அதுதான். அன்றுதான் கோயில் காடு நினைவுக்கு வந்தது.

அங்கே ஆடு மேய்க்கும் அப்பத்தா ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இரண்டு மணி நேரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட மரம், கொடி, செடிகளின் பெயரைச் சொன்னார்: வக்கணை, இரும்புலி, குருந்து, காரை, சூரை, வெப்பாலை, உசில். எதை ஆடு கடிக்கும், எதைத் தொடாது, எந்தப் பழத்தைக் குயில் முதலில் தின்னும் என்பதுவரை. நான் தாவரவியல் படித்தவள். அதில் பாதி எனக்குப் புதிது. நம் கடலோரத்து உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சியிருப்பவை இப்படிப்பட்ட துண்டுகள்தான். கத்திரி வெயிலிலும் இலை உதிர்க்காமல், குட்டையாக, நெருக்கமாக வளரும் காடு அது.

விதை எடுக்கப் பூசாரியிடம் அனுமதி கேட்டோம். ஐயனாருக்குப் புரவி, அதாவது மண் குதிரை, செய்யும் வேளார்தான் பூசாரி. அந்தக் காட்டிலிருந்து சுள்ளி கூட வெளியே போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “குருவி கொண்டு போவதைச் சாமி தடுக்கவில்லையே. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லுங்கள்” என்றார்.

ஆனியிலும் ஆடியிலும் பொறுக்கினோம். இலுப்பைக் கொட்டைகளை வௌவால் தின்று போட்ட இடத்திலேயே கூடை கூடையாக அள்ளினார்கள். நாவல், இலுப்பை விதைகளை வைத்திருந்து விதைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஈரம் காய்ந்தால் முளைப்புத்திறன் போய்விடும், சில நாட்களுக்குள் போட்டுவிட வேண்டும். சரக்கொன்றைக்கு நேர்மாறு. தோல் அவ்வளவு கெட்டி, கரடுமுரடான கல்லில் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே போகும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் வந்த அன்று வகுப்பே பைகளைச் சுற்றி நின்றது. உலக்கைப்பாலைதான் மெதுவாக வளர்ந்து எங்கள் பொறுமையைச் சோதித்தது. சப்போட்டாவை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாக மட்டுமே அதை வளர்ப்பதாக ஒரு நாற்றங்காலில் சொன்னார்கள்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில், முதல் இரண்டு மழை இறங்கிய பிறகு நட்டோம். சுற்றிலும் முள் வைத்தோம். ஒரே ஒரு கோடைக்குத் தண்ணீர் சுமந்தோம். இன்று வீரை என் இடுப்பளவு, நாவல் என் தலைக்கு மேலே. அந்தப் புட்டித் தண்ணீர்ப் பெண் இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதலில் அங்கேதான் போகிறாள்.

முத்துப்பேட்டையிலிருந்து:

டீச்சர் சொன்ன அதே தவறு சேற்றிலும் நடந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களை நடப் பலர் வந்தார்கள். வெறுமையாகக் கிடந்த ஓர் இடத்தில் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தின் முளைகளை வரிசையாகக் குத்தினோம். எல்லாம் கருகின. எங்கள் பெரியப்பா அங்கே தேங்கியிருந்த தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது கடல் தண்ணீர் இல்லையடா, உப்பளத்துத் தண்ணீர்” என்றார்.

காரணம் பழையது. ஒரு காலத்தில் மரத்தை மொத்தமாக வெட்டியதால் வெயில் பட்டுத் தரை தாழ்ந்து தொட்டிபோல ஆகிவிட்டது. ஏறிய தண்ணீர் திரும்பிப் போக வழியில்லை. அது வற்ற வற்ற உப்பு ஏறிக்கொண்டே போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து இதற்குக் கண்ட வழி, நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் மீன்முள் மாதிரிக் கிளை வாய்க்கால்கள். ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றத் தண்ணீர், தினமும் ஏறி இறங்கினால் உப்பு கழுவப்படும். கன்று அந்த வாய்க்கால் சரிவில் பிழைக்கும்.

இப்போது பிள்ளைகளைப் படகில் அழைத்துப் போகும்போது நான் முதலில் செய்வது, வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் இலையை நாக்கில் வைக்கச் சொல்வது. மரம் தானே வெளியே தள்ளிய உப்பு அதில் படிந்திருக்கும். அந்தக் கரிப்பை ருசித்த பிள்ளைக்கு வாய்க்கால் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதே இல்லை.

இராமநாதபுரத்திலிருந்து:

எங்களுடையது கண்மாய்க் கரைப் பனை. புரட்டாசியில் பிள்ளைகளோடு விதைத்தோம். தை மாதம் போய்ப் பார்த்தால் வரிசையாகக் குழிகள். பொங்கலுக்குப் பனங்கிழங்கு என்று யாரோ தோண்டி எடுத்துவிட்டார்கள். எடுத்தவர்கள் மேல் கோபப்படவும் மனம் வரவில்லை. பனையின் முளை முதலில் கீழே இறங்கிக் கிழங்காகும், மேலே இலை காட்ட மாதங்கள் ஆகும். அங்கே மரம் ஒன்று வளர்கிறது என்று எவருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த முறை அம்மா ஒரு வழி சொன்னார். பள்ளிக்குப் பின்னால் மணலில் பாத்தி போட்டுக் கிழங்குக்கென்று தனியாக விதைத்தோம், ஊருக்கே அவித்துக் கொடுத்தோம். கரையில் விதைத்ததை அதன்பின் யாரும் தொடவில்லை. ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடமாகும் என்று சொன்னபோது ஒரு பையன் விரல்விட்டு எண்ணி, “அப்போது எனக்கு இருபத்தாறு வயது இருக்கும், நானே வந்து பார்க்கிறேன்” என்றான்.

டீச்சர், எங்கள் கண்மாயின் கிழக்குக் கரை காலியாக இருக்கிறது. உலக்கைப்பாலை விதை கொஞ்சம் கிடைக்குமா?

புதுக்கோட்டை ஆசிரியை:

ஆனியில் பிள்ளைகளோடு வாருங்கள் தம்பி. பூசாரி ஐயாவிடம் நான் சொல்லி வைக்கிறேன். அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, இலையை முகர்ந்தே பெயர் சொல்கிறார். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவாருங்கள்.